‘இப்பதான் போட்டது, மேடம்’

என் தங்கைக்குத் தாடையில் அறுவை சிகிச்சை நடந்து ஆறு வாரம் ஆகிறது. இத்தனை நாளும் பால், சூப், பழச்சாறு, இவைதான் அவளுக்குச் சாப்பாடு. போன வாரம் பரிசோதனைக்குப் போனபோது, மெத்தென்று இருக்கிற எதையும் இனி மெதுவாக மென்று சாப்பிடலாம் என்றார் டாக்டர். அறையை விட்டு வெளியே வந்ததும் வராததுமாக அவள் சொன்ன முதல் வார்த்தை, “அக்கா, டோனட்.”

எனக்கு அவ்வளவு சந்தோஷம். நான் மூன்று வருடம் ஒரு பேக்கரியில் உள்வேலை பார்த்தவள். மாவு பிசைவதிலிருந்து எண்ணெய்ச் சட்டி வரைக்கும் எல்லா இடத்திலும் நின்றிருக்கிறேன். ஈஸ்ட் போட்டுப் பொங்க வைத்த டோனட், சட்டியிலிருந்து எடுத்த ஒரு மணி நேரத்துக்குள் எவ்வளவு மிருதுவாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். பல்லே வேண்டாம், நாக்கும் அண்ணமும் போதும். ஆறு வாரம் மெல்லாமல் இருந்தவளுக்கு அதைவிடப் பொருத்தமான பண்டம் வேறென்ன இருக்கிறது?

அதனால் முந்தின நாள் சாயங்காலமே கடைக்குப் போன் செய்தேன். கிளேஸ், அதாவது மேலே சர்க்கரைப் பூச்சு போட்டது நாலு, ஜாம் வைத்தது ரெண்டு. காலையில் முதல் ஈட்டில் எடுத்து வையுங்கள், உடம்பு சரியில்லாதவளுக்கு, மிருதுவாக இருக்க வேண்டும் என்று காரணத்தையும் சொன்னேன். “சரி மேடம், எழுதிக்கிட்டேன்” என்றார்கள்.

மறுநாள் ஒன்பதரைக்குப் போனால், எழுதிக்கொண்டவர் யார் என்றே தெரியவில்லை. கவுண்டரில் இரண்டு பேர். ஒருவர் போனிலிருந்து தலையைத் தூக்கவேயில்லை. இன்னொரு பையன் நோட்டைப் புரட்டிவிட்டு, “அப்படி எதுவும் இல்லையே” என்றான். சரி, இருப்பதைக் கொடுங்கள் என்றேன். கண்ணாடிக்குப் பின்னால் மேல் தட்டில் இருந்ததை விட்டுவிட்டுக் குனிந்து கீழ்த்தட்டிலிருந்து ஆறை எடுத்துப் பெட்டியில் அடுக்கினான்.

“இது இன்னைக்குப் போட்டதாப்பா?”

“இப்பதான் போட்டது, மேடம்.” நிமிர்ந்து பார்க்காமலே சொன்னான்.

பெட்டியின் அடிப்பாகத்தைத் தொட்டேன். சூடே இல்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்தது. ஆனால் பின்னால் வரிசை நின்றது, அவனும் பில்லைப் போட்டுவிட்டான். வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டில் பெட்டியைத் திறந்ததும் சந்தேகமெல்லாம் தீர்ந்தது. புதிதாகப் போட்ட கிளேஸ் கண்ணாடிச் சில்லு மாதிரி மெல்லிசாகப் படிந்திருக்கும், விரல் பட்டால் மயிரிழையாக விரிசல் விடும். இதுவோ வியர்த்துப்போய், சுருங்கி, பாதி வழிந்து காகிதத்தில் பாகாகத் தேங்கியிருந்தது. நல்ல டோனட்டின் இடுப்பைச் சுற்றி ஒரு வெளிறிய கோடு ஓடும். மாவு நன்றாகப் பொங்கியிருந்தால் எண்ணெயில் உயரமாக மிதக்கும், திருப்பிப் போட்டாலும் நடுப்பகுதி எண்ணெயில் படாது. அதனால் வரும் கோடு அது. நான் முதலில் தேடியது அதைத்தான். ஆறில் ஒன்றில்கூட இல்லை.

தங்கை அதையெல்லாம் பார்க்கவில்லை. இரண்டு விரல் நுழையும் அளவுக்குத்தான் இப்போது அவளால் வாயைத் திறக்க முடியும். ஓரத்தில் சின்னதாகக் கடித்தாள். கடித்தது வரவில்லை. இழுத்தாள். கை கன்னத்துக்குப் போனது, கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. “நல்லாத்தான்க்கா இருக்கு” என்றபடி மெதுவாகத் தட்டில் வைத்தாள்.

எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை.

டோனட் காய்ந்து போவதால் மட்டும் கெட்டியாவதில்லை. வெந்தபோது நெகிழ்ந்த மாவுச்சத்து ஆறிய பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இறுகத் தொடங்கும். ஃபிரிட்ஜில் வைத்தால் அந்த இறுக்கம் இன்னும் வேகமாக நடக்கும். மைக்ரோவேவில் பத்து விநாடி வைத்தால் மறுபடி நெகிழும், ஆனால் ஆறினதும் முன்பைவிட மோசமாகிவிடும். அந்தப் பத்து விநாடி வித்தையைத்தான் நானும் செய்தேன். அவள் இரண்டு வாய் சாப்பிட்டாள், அதற்குள் பழையபடி ரப்பர். மேலண்ணத்தில் சிக்கென்று ஏதோ ஒட்டிக்கொண்ட மாதிரி இருக்கிறது என்றாள். நானும் ஒரு துண்டு தின்று பார்த்தேன். பலமுறை காய்ந்த எண்ணெயின் வாடை.

அப்புறம் ஜாம் டோனட்டைக் கத்தியால் இரண்டாக வகுந்தேன். ஊசி குத்திய துளைக்குப் பக்கத்தில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு சிவப்புக் கோடு, அவ்வளவுதான் ஜாம். நடுவில் வேகாத மாவு, சாம்பல் நிறத்தில், பசை மாதிரி. டோனட்டுக்கு ஓட்டை வந்ததே இந்த வேகாத நடுவால்தான் என்று ஒரு கதை உண்டு. அமெரிக்காவில் மெய்ன் பகுதியைச் சேர்ந்த கப்பல்காரர் ஹான்சன் கிரிகரி, 1847-இல் தான்தான் முதலில் நடுவை வெட்டி எடுத்ததாகப் பின்னாளில் சொல்லியிருக்கிறார். உள்ளே ஜாம் வைக்கிற டோனட்டில் அப்படி நடுவை வெட்டி எடுக்க முடியாது, அதனால் அதை இன்னும் நிதானமாகப் பொரிக்க வேண்டும். பழைய எண்ணெயில் மாவு சீக்கிரமே சிவந்துவிடும். நிறத்தை மட்டும் நம்பி எடுத்தால் உள்ளே பச்சையாகவே நிற்கும். இங்கே நடந்தது அதுதான் என்று நினைக்கிறேன்.

வெட்டிய டோனட்டையும் பெட்டியையும் எடுத்துக்கொண்டு மத்தியானம் திரும்பப் போனேன். மேனேஜர் வரக் கால் மணி நேரம் ஆனது. நான் முழுதாகச் சொல்லி முடிப்பதற்குள், “டோனட்னா அப்படித்தான் மேடம் இருக்கும். மத்தவங்க யாரும் எதுவும் சொல்லலையே” என்றார். வெட்டிய பாதியை நீட்டினேன். அவர் அதைப் பார்க்கவே இல்லை, என் தோளுக்கு மேலாக வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பணத்தைத் திருப்பித் தரும் வழக்கம் இல்லையாம், வேறு ஆறு தருகிறாராம். பையனைக் கூப்பிட்டார். பையன் அதே கீழ்த்தட்டுக்குக் குனிந்தான்.

கவுண்டரிலேயே எல்லாவற்றையும் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

பையன்மேல் எனக்கு அவ்வளவு வருத்தம் இல்லை. பழையதை முதலில் தள்ளிவிடு என்று அவனுக்கு யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். நான் வேலை பார்த்த இடத்திலும் மிச்சம் இருக்கத்தான் செய்யும். ஆனால் அதைத் தனித்தட்டில், ‘நேற்றையது’ என்று அட்டை எழுதிப் பாதி விலைக்கு வைப்போம். தெரிந்தே வாங்கிப் போகிறவர்கள் இருந்தார்கள், சந்தோஷமாகவே வாங்கினார்கள். “இது நேத்தையது மேடம், அரை மணி நேரம் இருந்தா புதுசு வரும்” என்று அந்தப் பையன் சொல்லியிருந்தால் ஒரு மணி நேரம்கூட நின்றிருப்பேன். யாருக்காக வாங்குகிறேன் என்பதை முந்தின நாளே சொல்லியிருந்தேனே.

நாளைக்கு எனக்கு விடுமுறை. மாவைப் பிசைந்து இப்போதுதான் ஃபிரிட்ஜில் வைத்தேன். பொரிக்காத மாவுக்கு அந்தக் குளிர் நல்லது, ராத்திரி முழுக்க மெதுவாகப் பொங்கி வாசம் கூடும். புது எண்ணெய் வாங்கியாகிவிட்டது. சூட்டைப் பார்க்கத் தெர்மாமீட்டரையும் தேடி எடுத்துவிட்டேன், 180 டிகிரிக்குக் கீழே இறங்க விடமாட்டேன். தங்கை இரண்டு தடவை ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்துவிட்டாள். “நாளைக்கு எத்தனை மணிக்குக்கா?” என்கிறாள். ஏழு மணி என்று சொல்லியிருக்கிறேன்.