எந்தப் படியில் நின்றுபோனது?

நோயெதிர்ப்பு அணுக்களைப் பற்றிய பாடம் எப்போதும் ஒரு மரப் படத்தில்தான் தொடங்கும். உச்சியில் எல்லா ரத்த அணுக்களுக்கும் மூலமான ரத்த ஸ்டெம் செல், கீழே கிளைகள், நுனிகளில் நியூட்ரோஃபில், மோனோசைட், பி செல், டி செல், என்கே (இயற்கைக் கொல்லி) செல். படத்தை மனப்பாடம் செய்துவிடலாம். ஆனால் அடிக்கடி தொற்று வரும் மூன்று மாதக் குழந்தையின் ரத்த அறிக்கையைக் கையில் வாங்கும்போது அந்தப் படம் உதவாது. ஒவ்வொரு அணுவும் எந்தெந்தப் படிகளைத் தாண்டி வருகிறது, ஒரு படியில் எது குறைந்தால் அங்கேயே நிற்கும், நின்றால் ரத்தத்தில் எது காணாமல் போகும் என்று படித்தால் பாடமும் மனதில் நிற்கும், அறிக்கையும் புரியும்.

ஸ்டெம் செல் என்ற பெயரை நாம் கொஞ்சம் தாராளமாகவே பயன்படுத்துகிறோம். 1961-இல் டொரோண்டோவில் டில், மெக்கல்லக் இருவரும் கதிர்வீச்சால் மஜ்ஜை அழிந்த சுண்டெலிகளுக்கு வேறு சுண்டெலியின் மஜ்ஜை அணுக்களைச் செலுத்தினார்கள். பத்து நாளில் மண்ணீரலில் முடிச்சு முடிச்சாக ரத்த அணுக்கள் வளர்ந்தன. ஒரு முடிச்சு ஒரே அணுவிலிருந்து வருகிறது என்பதற்கான சான்று 1963-இல் வந்தது. அந்த முடிச்சுகளைக் கட்டியவை பெரும்பாலும் ஸ்டெம் செல்லுக்கு அடுத்த படியில் இருப்பவை என்பது பின்னால்தான் தெரிந்தது. உண்மையான சோதனை கடுமையானது: செலுத்திய அணு மாதக்கணக்கில் எல்லா வகை ரத்த அணுக்களையும் தர வேண்டும், அந்தச் சுண்டெலியின் மஜ்ஜையை இன்னொன்றுக்கு மாற்றினாலும் மறுபடி தர வேண்டும். இதனால்தான் சிடி34 புரதம் உள்ள அணு என்றாலே ஸ்டெம் செல் என்று எழுதுவது தவறு. மஜ்ஜையில் சுமார் நூற்றில் ஒரு அணுவில் சிடி34 இருக்கும். அவற்றில் மிகச் சிலவே அந்தச் சோதனையில் தேறும். சுண்டெலியில் நன்றாக வேலை செய்யும் சிடி150, சிடி48 அடையாளங்களை மனித மாதிரியில் அப்படியே வைத்துத் தேடுவதும் வழக்கமான பிழை.

மனிதரில் ரத்த உற்பத்தியில் பங்கெடுக்கும் ஸ்டெம் செல்கள் ஏறத்தாழ 50,000 முதல் 2,00,000 வரை என்று 2018-இல் ஒரு மரபணு ஆய்வு கணக்கிட்டது. நியூட்ரோஃபில்கள் மட்டுமே நாளொன்றுக்குச் சுமார் 10,000 கோடி உருவாகின்றன என்பதோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். ஸ்டெம் செல் மாதக்கணக்கில் ஒருமுறைதான் பிரியும். பெருக்கம் முழுவதும் இடைப்பட்ட முன்னோடி அணுக்களின் வேலை. ஸ்டெம் செல்லை மஜ்ஜையில் பிடித்து வைத்திருப்பது அங்குள்ள அணுக்கள் சுரக்கும் சிஎக்ஸ்சிஎல்12 என்ற புரதம். ஸ்டெம் செல் தானம் எடுக்கும்போது, கொடுப்பவருக்கு ஐந்து நாள் ஜி-சிஎஸ்எஃப் என்ற வளர்ச்சிக் காரணி ஊசி போடுவது அந்தப் பிடியைத் தளர்த்தத்தான். பிளெரிக்ஸாஃபோர் மருந்து, அந்தப் புரதம் வந்து ஒட்டும் ஏற்பியையே அடைத்துவிடும். மஜ்ஜையில் ஸ்டெம் செல் உட்காரும் இடம் அளவானது என்பதையும் நினைவில் வையுங்கள். பின்னால் தேவைப்படும்.

எந்தப் பாதை என்பதை முடிவு செய்வது சில கட்டுப்பாட்டுப் புரதங்களின் அளவு. பியு.1 என்ற புரதம் அதிகமாக இருந்தால் மேக்ரோஃபேஜ் (கிருமிகளை விழுங்கும் அணு) பக்கமும் குறைவாக இருந்தால் பி செல் பக்கமும் அணு சாய்கிறது. பி செல் பாதையில் வரும் பேக்ஸ்5-இன் வேலை இன்னும் வியப்பானது: பி செல்லுக்கு வேண்டியதைத் திறப்பதோடு மற்ற வழிகளையெல்லாம் அடைக்கிறது. அதை நீக்கிய சுண்டெலியின் இளம் பி செல் முன்னோடிகள் டி செல்லாகவும் மேக்ரோஃபேஜாகவும் மாறிக்காட்டின. ஒரு வகையைத் தேர்ந்தெடுப்பது என்றால் மற்றவற்றை மறப்பது என்பதே இங்கே விதி. மரப் படத்தின் கிளைகள் அவ்வளவு கறாரானவையும் அல்ல. சிவப்பணு, தட்டணு வழியைக் கைவிட்ட பிறகும் நியூட்ரோஃபில் வழியையும் லிம்போசைட் (பி, டி, என்கே செல்கள்) வழியையும் சேர்த்தே வைத்திருக்கும் முன்னோடிகளை 2005-இல் கண்டார்கள்.

நியூட்ரோஃபில் பாதை நேரானது. மைலோபிளாஸ்ட், புரோமைலோசைட், மைலோசைட், மெட்டாமைலோசைட், பேண்டு, கடைசியில் மடல் மடலாகப் பிரிந்த கரு. அணுப்பிரிவு மைலோசைட்டோடு முடிந்துவிடும்; அதற்குப் பிறகு முதிர்ச்சி மட்டும்தான். மொத்தம் சுமார் இரண்டு வாரம். கடும் தொற்றில் பேண்டுகள் ரத்தத்துக்கு வருவது, முதிர்ந்தவை தீர்ந்து அரைகுறையாக முதிர்ந்தவை அனுப்பப்படுவதால். இந்தப் பாதையில் ஆபத்தான படி புரோமைலோசைட். முதன்மைத் துகள்கள் அங்கேதான் உருவாகின்றன, அவற்றில் எலாஸ்டேஸ் என்ற நொதி நிரம்புகிறது. அதன் மரபணுவில் பிழை இருந்தால் அணு அங்கேயே சாகும். மஜ்ஜையைப் பார்த்தால் புரோமைலோசைட் வரை இருக்கும், அதற்கு மேல் வெறிச்சோடிக் கிடக்கும். அதே மரபணுவின் வேறு பிழைகள் சுமார் 21 நாளுக்கு ஒருமுறை எண்ணிக்கை விழுந்து எழும் சுழற்சி நோயைத் தருகின்றன. ஒற்றைப் பரிசோதனையில் இது சிக்காது. வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, ஆறு வாரம் தொடர்ந்து எண்ண வேண்டும்.

புற்றுநோயும் இதே படியில் நிற்கலாம். அக்யூட் புரோமைலோசைட்டிக் லுகேமியாவில் இரண்டு மரபணுக்கள் ஒட்டிப் பிறந்த கலப்புப் புரதம் முதிர்ச்சியைத் தடுக்கிறது. டிரெட்டினாயின் மருந்து அந்தத் தடையை எடுத்துவிட்டால், கொல்லாமலேயே அந்த அணுக்கள் நியூட்ரோஃபில்களாக முதிர்கின்றன. படிப்படியான வளர்ச்சி என்ற கருத்துக்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியாது.

லிம்போசைட் பாதையில் படிகள் அதிகம், இழப்பும் அதிகம். பி செல், டி செல் இரண்டும் தம் ஏற்பியின் மரபணுவைத் தாமே வெட்டி ஒட்டிக்கொள்கின்றன. வெட்டுவது ராக்1, ராக்2 என்ற புரதங்கள். வெட்டிய முனை கொண்டை ஊசி போல வளைந்து மூடிக்கொள்ளும். அதைத் திறப்பது ஆர்ட்டிமிஸ் என்ற நொதி. ஒட்டும் முன் டிடிடி என்ற நொதி சில டிஎன்ஏ எழுத்துகளைக் குருட்டாம்போக்கில் சேர்க்கும். பன்முகத்தன்மை இங்கேதான் பிறக்கிறது, வீணும் இங்கேதான். மரபணு மூன்று மூன்று எழுத்தாகப் படிக்கப்படுவதால், ஒட்டியது சரியான வரிசையில் அமைய மூன்றில் ஒரு வாய்ப்பே உண்டு. அணுவிடம் இரண்டு பிரதிகள் இருப்பதால் மொத்த வாய்ப்பு 1/3-உம், முதலாவது தவறினால் கிடைக்கும் 2/3-இல் 1/3-உம் சேர்ந்து 5/9. இடையில் நிறுத்தக் குறி விழுந்துவிடும் வாய்ப்பையும் கழித்தால் நிஜத்தில் இன்னும் குறைவு.

தேறியதா என்று அணு எப்படி அறியும்? பி செல் ஏற்பியின் ஒரு பாதியான கனச் சங்கிலி தயாரானதும், இன்னும் உருவாகாத மறுபாதியான இலகுச் சங்கிலிக்குப் பதிலாக ஒரு தற்காலிக ஜோடியுடன் சேர்ந்து மேற்பரப்புக்கு வரும். அங்கிருந்து சமிக்ஞை உள்ளே போனால்தான் அணு பிழைக்கும், பெருகும். அந்தச் சமிக்ஞையைக் கடத்துவது பிடிகே என்ற நொதி. ஆண் குழந்தைகளில் அந்த மரபணு பழுதானால் மஜ்ஜையில் பி செல் முன்னோடிகள் இருக்கும், ரத்தத்தில் பி செல் அநேகமாக இருக்காது. தாயிடமிருந்து வந்த எதிர்ப்பான் தீரும் ஆறாவது மாதவாக்கில் தொற்றுகள் தொடங்கும்.

டி செல்லுக்கு மஜ்ஜை போதாது, மார்பில் உள்ள தைமஸ் சுரப்பி வேண்டும். அங்கே நாட்ச்1 சமிக்ஞை கிடைத்ததும் முன்னோடி பி செல் ஆகும் வழியைக் கைவிடுகிறது. முதலில் சிடி4, சிடி8 என்ற மேற்பரப்புப் புரதங்கள் இரண்டும் இல்லை; ஏற்பியின் பீட்டா சங்கிலி தேறியதும் இரண்டும் வரும்; பிறகு ஆல்ஃபா சங்கிலி. அதற்குப் பின் தேர்வு. டி செல்லுக்குப் புரதத் துண்டுகளை ஏந்திக் காட்டும் நம் எம்எச்சி புரதத்தைத் தொடவே முடியாத ஏற்பி என்றால் மூன்று நான்கு நாளில் அணு சாகும். நம் சொந்தப் புரதங்களை இறுகப் பிடித்தாலும் பெரும்பாலும் சாவுதான். இன்சுலின் போன்ற, தைமஸுக்குச் சம்பந்தமில்லாத புரதங்களையும் அங்கே செய்து காட்ட உதவுவது ஏர் என்ற மரபணு. அது பழுதானால் உடல் தன் பாராதைராய்டு, அட்ரீனல் சுரப்பிகளையே தாக்கும். தேர்வுக்கு நுழைந்தவற்றில் நூற்றுக்கு ஐந்துகூட வெளியே வருவதில்லை.

இப்போது அந்தக் குழந்தையின் அறிக்கைக்கு வருவோம். டி செல் இல்லை, பி செல் இல்லை, என்கே மட்டும் இருக்கிறது என்றால் வெட்டி ஒட்டும் படி பழுது; என்கே செல் தன் ஏற்பியை வெட்டி ஒட்டுவதில்லை என்பதால் தப்பிவிட்டது. ஆனால் அது ராக் பழுதா, ஆர்ட்டிமிஸ் பழுதா என்பதைப் பிரித்தே ஆக வேண்டும். ஆர்ட்டிமிஸ் உடலெங்கும் டிஎன்ஏ முறிவைச் சரிசெய்யும் நொதி. அது இல்லாத குழந்தைக்குக் கதிர்வீச்சும் சில கீமோ மருந்துகளும் பெரும் சேதம் செய்யும். டி-யும் என்கே-யும் இல்லை, பி இருக்கிறது என்றால் பொதுவான காமா சங்கிலி மேல் சந்தேகம். ஐஎல்-7, ஐஎல்-15 என்ற சமிக்ஞைப் புரதங்களின் ஏற்பிகளுக்கு அதுவே பொது உறுப்பு. முன்னது டி செல்லுக்கும் பின்னது என்கே செல்லுக்கும் உயிர்நாடி. ஐஎல்-7 ஏற்பியின் தனிச் சங்கிலி மட்டும் பழுதென்றால் என்கே இருக்கும், டி மட்டும் போகும். சுண்டெலியில் இதே பழுது பி செல்லையும் கொண்டுபோய்விடும், மனிதரில் அப்படியில்லை. மூன்றுமே இல்லையென்றால் ஏடிஏ நொதியை முதலில் பார்க்க வேண்டும். அந்த நொதி இல்லாதபோது சேரும் நச்சு எல்லா லிம்போசைட்டுகளையும் கொல்கிறது.

ஏமாறும் இடங்களும் உண்டு. மொத்த லிம்போசைட் எண்ணிக்கை சரியாக இருப்பதை நம்பக் கூடாது. பி செல்கள் இடத்தை நிரப்பியிருக்கலாம். கருவறையில் கடந்து வந்த தாயின் டி செல்களும் பெருகியிருக்கலாம். தாயுடையவை அனுபவப்பட்ட டி செல்கள், தைமஸிலிருந்து புதிதாக வந்தவை அல்ல. அதனால் சிடி45ஆர்ஏ என்ற அடையாளம் உள்ள புதிய டி செல்களைத் தனியே எண்ண வேண்டும். பிறந்த குழந்தையின் குதிகால் ரத்தப் பொட்டில் டிரெக் பார்ப்பதும் இதற்காகவே. ஏற்பி மரபணுவை வெட்டும்போது உதிரும் வட்ட டிஎன்ஏ துண்டு அது. அணு பிரிந்தாலும் துண்டு பெருகாது, ஆகவே புதிய டி செல்லில்தான் கணிசமாக இருக்கும். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலம் 2008-இல் இதை எல்லாக் குழந்தைகளுக்கும் தொடங்கியது. குறைமாதக் குழந்தைகளில் டிரெக் குறைவாக வருவது வழக்கம், மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டும். வெட்டும் படிக்குப் பிந்தைய பழுதுகள், உதாரணமாக ஸாப்70 குறைபாடு, இதில் தப்பிவிடும். வட்டம் ஏற்கெனவே உதிர்ந்துவிட்டதே.

மஜ்ஜை மாற்று சிகிச்சையில்தான், முன்பு சொன்ன மஜ்ஜையின் இடக்கணக்கு திரும்ப வருகிறது. காமா சங்கிலி பழுதான குழந்தைக்குக் கீமோ கொடுக்காமல் மஜ்ஜை செலுத்தினால் தானமளித்தவரின் டி செல்கள் வளரும், ஏனென்றால் தைமஸ் காலியாக இருக்கிறது. மஜ்ஜையில் குழந்தையின் சொந்த ஸ்டெம் செல்களே இடத்தை விடாமல் உட்கார்ந்திருக்கும். அதனால் பி செல்கள் பல நேரம் பழையவையாகவே நீடிக்கும். எண்ணிக்கை இருக்கும், எதிர்ப்பான் இருக்காது, வெளியிலிருந்து எதிர்ப்பான் தரும் இம்யூனோகுளோபுலின் சிகிச்சையைத் தொடர வேண்டியிருக்கும். இடத்தைக் காலி செய்து செலுத்தினால் நியூட்ரோஃபில் இரண்டு மூன்று வாரத்தில் எழும், என்கே சில வாரங்களில், பி செல் ஆறு மாதம் முதல் ஒரு வருடத்தில். தைமஸ் வழியாக வர வேண்டிய சிடி4 டி செல்தான் கடைசி. ஒரு வருடத்துக்கு மேலும் ஆகும், வயதானவர்களில் தைமஸ் சுருங்கிவிட்டதால் இன்னும் தாமதம். நியூட்ரோஃபில் எண்ணிக்கை சரியானதும் நோயாளி தேறிவிட்டார் என்று வீட்டார் நினைப்பது இயல்பு. ஆனால் உயிருள்ள தடுப்பூசிகளைக் குறைந்தது 24 மாதம் தள்ளிவைப்பது அந்தக் கடைசி அணுவுக்காகத்தான்.