பற்றரியை மாற்றுவதற்கு முன்
காலையில் கார் இயங்க மறுத்தால் பலர் உடனே புதிய பற்றரி வாங்கிவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், திருகோணமலையில் கடற்காற்றுப் படும்படி நிற்கும் வாகனங்களில் முதலில் பார்க்கவேண்டியது பற்றரி முனைகளில் படிந்திருக்கும் வெண்பச்சைப் பூச்சையே. அதைச் சுத்தம் செய்து இறுக்கிய பின்னும் கோளாறு தொடர்ந்தால் மின்னழுத்தத்தை அளக்கும் மல்ரிமீற்றரை எடுக்கலாம். இரவு முழுவதும் ஓய்ந்திருந்த நல்ல பற்றரி ஏறத்தாழ 12.6 வோல்ற்று காட்டும். எஞ்சின் ஓடும்போது அது பெரும்பாலான கார்களில் 13.8 முதல் 14.5 வரை உயரவேண்டும், உயராவிட்டால் மின்னேற்றத்தில் குறை இருக்கிறது. அப்போதும் பற்றரிக்கு மின்னேற்றும் ஒல்ரனேற்றரைக் கழற்றுவதற்கு முன், எஞ்சினை நிறுத்திவிட்டு அதைச் சுழற்றும் பெல்ற்றைப் பாருங்கள்: தளர்ந்தோ, வெடித்தோ, உட்புறம் பளபளத்தோ இருந்தால் அது வழுக்கும், முகப்பு விளக்கையும் ஏசியையும் போட்டவுடன் எழும் கிறீச்சொலி பெரும்பாலும் அதனுடையதுதான். எஞ்சின் ஓடும்போதே பற்றரி வயரைக் கழற்றிச் சோதிக்கும் பழைய வழக்கத்தை மட்டும் அனுமதிக்காதீர்கள். அது மின்னணுப் பாகங்களைக் கெடுத்துவிடக்கூடும்.