அம்மாச்சியின் பேச்சை வெட்டிக் கோத்த கதை

நெல்வகைகளைப் பற்றி அம்மாச்சி பேசியதை இரண்டு மைக் வைத்துப் பதிவு செய்தேன். ஒன்று அவருக்கு, மற்றொன்று எனக்கு. மொத்தம் 1 மணி 50 நிமிடம். அதை 40 நிமிடமாகச் சுருக்கிச் சொந்தக்காரர்களுக்குக் கொடுக்க ஆசை. 60 நாள் தடையில்லாமல் பழகிப் பார்க்கலாம் என்பதால் ரீப்பர் என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளை நிறுவிக்கொண்டேன்.

முதல் இரண்டு நாள் உழைப்பு முழுவதும் வீணானது. தேவையற்ற இடங்களை வெட்டி, இடைவெளிகளை நெருக்கிவிட்டுக் கேட்டால், அம்மாச்சி பதில் சொல்லி முடித்த பிறகு என் கேள்வி வருகிறது! ஒவ்வொரு மைக்கின் ஒலியும் திரையில் தனித்தனி வரிசையாக, அதாவது டிராக்காக, இருந்தது. மேல் டிராக்கில் இருந்த துண்டு மட்டும் நகர்ந்திருக்கிறது. கீழ் டிராக் இருந்த இடத்திலேயே நின்றுவிட்டது.

இரண்டையும் சேர்த்துத் தேர்ந்தெடுக்கத்தான் முயன்றேன். கணினித் திரையில் கோப்புகளை வளைத்துப் பிடிப்பது போல, வெற்றிடத்தில் மவுஸின் இடது பொத்தானை அழுத்தி இழுத்தேன். வெளிர் நிறத்தில் ஒரு பட்டை விழுந்தது. துண்டுகள் பிடிபட்டுவிட்டன என்று நம்பினேன். உண்மையில் அந்தப் பட்டை ஒலித்துண்டுகளைத் தேர்ந்தெடுப்பதே இல்லை. எந்த நொடியிலிருந்து எந்த நொடி வரை என்று நேரத்தை மட்டுமே குறிக்கிறது. ரீப்பரில் நேரத்தைத் தேர்வது வேறு, துண்டைத் தேர்வது வேறு. வலது பொத்தானை அழுத்தி இழுத்தால் ஒரு பெட்டி விரியும். அந்தப் பெட்டி தொடும் துண்டுகள் எல்லாம், எத்தனை டிராக்கில் இருந்தாலும், தேர்வாகிவிடும். இந்த ஒன்று புரிந்ததும் பாதி வேலை முடிந்தது போலிருந்தது. முன்பு போட்ட பட்டை கண்ணை உறுத்தினால் எஸ்கேப் விசை அதை நீக்கிவிடும்.

மீதிப் பாதி, வெட்டுவதில் இருந்தது. எஸ் விசையை அழுத்தினால் கர்சர் (மவுஸ் அம்பு அல்ல, நேரத்தைக் காட்டும் செங்குத்துக் கோடு) நிற்கும் இடத்தில் துண்டு இரண்டாகும். ஆனால் ஏதாவது ஒரு துண்டு தேர்வில் இருந்தால் வெட்டு அதற்கு மட்டும்தான். எதுவுமே தேர்வில் இல்லையென்றால் கர்சருக்குக் கீழுள்ள எல்லா டிராக்கும் வெட்டுப்படும். நான் கடைசியாகத் தொட்ட துண்டு எப்போதும் தேர்விலேயே இருந்திருக்கிறது. அதனால்தான் ஒரு டிராக் மட்டும் வெட்டுப்பட்டு வந்தது. கடைசி டிராக்குக்குக் கீழே உள்ள காலி இடத்தில், வெட்ட வேண்டிய நொடிக்கு நேராக ஒருமுறை சொடுக்கினால் போதும். பழைய தேர்வு கலையும், கர்சரும் அங்கே வந்து நிற்கும். பிறகு எஸ்.

இத்தனைக்கும் தேவையே இருந்திருக்காது, தொடக்கத்திலேயே இரண்டு டிராக்கையும் வலது பொத்தானால் வளைத்து ஜி விசையை அழுத்தியிருந்தால். குழுவாகிவிட்ட துண்டுகளில் ஒன்றைத் தொட்டால் இரண்டும் பிடிபடும். நான் பேசும்போது அம்மாச்சி இருமிய இடங்களில் மட்டும் யு விசையால் பிரித்துக்கொண்டேன்.

அங்கங்கே சிதறிக் கிடந்த இருமல்களைக் கண்ட்ரோல் விசையோடு ஒவ்வொன்றாகச் சொடுக்கிச் சேர்த்தபோது ஒருமுறை கை நழுவியது. கண்ட்ரோலோடு இழுத்தால் துண்டு நகராது, நகல் எடுக்கும். பக்கத்தில் ஏறி உட்கார்ந்த அந்த நகலைக் கவனிக்காமல் பத்து நிமிடம் மேலே போய்விட்டேன். கண்ட்ரோலை அழுத்தும்போது மவுஸை அசைக்காமல் நிறுத்துங்கள். இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன்.

பழகிய வேகத்தில் ஒரு பெரிய தவறும் செய்தேன். பூங்கார், மாப்பிள்ளைச் சம்பா, காட்டுயானம் என்று அம்மாச்சி நினைவிலிருந்து ஒவ்வொரு பெயராக எடுக்கும் இடத்தில், நடுவிலிருந்த மௌனங்களையெல்லாம் வளைத்துப் பிடித்து நீக்கிவிட்டேன். திரும்பக் கேட்டபோது யாரோ பட்டியல் வாசிப்பது போல் இருந்தது. அது அம்மாச்சியே இல்லை. நல்லவேளையாக, வெட்டினாலும் மூல ஒலிக்கோப்பை ரீப்பர் தொடுவதில்லை. வலப்பக்கம் இருந்த துண்டுகள் அனைத்தையும் ஒரே பெட்டியில் வளைத்துத் தள்ளிவைத்தேன். பிறகு ஒவ்வொரு பெயரின் ஓரத்தையும் பிடித்து இழுக்க இழுக்க, மறைந்திருந்த மௌனம் திரும்பி வந்தது. கூடவே அவர் மூச்சும், முற்றத்துக் காகமும்.

கடைசியில் 43 நிமிடம் வந்தது. அந்த மூன்று நிமிடத்தைக் குறைக்கவில்லை.