ஏஜிசப்பில் கரோக்கி: நான் தலைகீழாகத் தொடங்கிய கதை

விஸ்காம் செய்முறைத் தேர்வுக்கு மூன்று நிமிட நாட்டுப்புறப் பாட்டு ஒன்றை எடுத்து, பாடப் பாட எழுத்து நிறம் மாறும் கரோக்கி வரிகள் செய்து கொடுத்தேன். காசு கொடுத்து மென்பொருள் வாங்க வழியில்லை. வீடியோவுக்கு வசன வரிகள் செய்யும், இலவசமாகக் கிடைக்கும் ஏஜிசப் மென்பொருள்தான் துணை. இருந்தது ஒரு மாதம். அதில் முதல் இரண்டு வாரம் எழுத்தைச் சுழற்றுவதிலும் மினுக்குவதிலுமே போனது. பாடுபவர் ஒரு சொல்லில் இருப்பார், என் எழுத்து அடுத்த சொல்லில் துள்ளிக்கொண்டிருக்கும். எல்லாவற்றையும் அழித்துவிட்டு டைமிங்கில் உட்கார்ந்தேன். நீங்கள் அங்கேயே தொடங்குங்கள்.

கரோக்கி மோடில் வரியைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டின் எல்லைக்கோட்டையும் ஒலியின் மேல் நகர்த்தி வைக்க வேண்டும். ஒலியை ஸ்பெக்ட்ரமாக, அதாவது அதிர்வெண் படமாக, மாற்றிப் பார்த்தால் எழுத்து தொடங்கும் இடம் பளிச்சென்று தெரியும். தமிழில் எங்கே வெட்டுவது என்பதுதான் சிக்கல். ‘கா’வை நடுவில் வெட்டினால் துணைக்கால் தனியாகப் புள்ளிவட்டத்தோடு தொங்கும். புள்ளி வைத்த மெய்யெழுத்தை அதற்கு முன்னால் வரும் எழுத்தோடு சேர்த்துவிடுங்கள்: வண், ணம். பள்ளியில் அசை பிரித்தது இங்கே உதவும். ஆனால் முழுசாக நம்ப வேண்டாம். யாப்பில் ‘நிலவு’ என்பது நில, வு. பாட்டில் அது நி, ல, வு.

அப்புறம் அளவு. வரிக்குள் எழுதும் கட்டளைதான் டேக். ஒரு துண்டு எவ்வளவு நேரம் என்று சொல்லும் கே டேக்கில் வரும் எண் சென்டிசெகண்ட்; 100 என்றால் ஒரு நொடி. அதே வரியில் எழுதும் டி (எழுத்தின் தோற்றத்தைப் படிப்படியாக மாற்றுவது), ஃபேட் (மெல்லத் தோன்றி மறையவைப்பது) டேக்குகளுக்கோ மில்லிசெகண்ட். இது தெரியாமல் எழுத்தைப் பெரிதாக்க, 0.3 நொடி என்று நினைத்து டி டேக்கில் 30 போட்டேன். எழுத்து பெரிதானது கண்ணுக்கே தெரியவில்லை.

எஃபெக்டை ஒவ்வொரு எழுத்துக்கும் கையால் எழுதத் தேவையில்லை. ஒரு வரியைக் கமெண்டாக மாற்றி, எஃபெக்ட் கட்டத்தில் ‘டெம்ப்ளேட் சில்’ (template syl; சில் என்பது நாம் வெட்டிய துண்டு) என்று ஆங்கிலத்தில் எழுதி, வேண்டிய டேக்குகளை அதில் ஒருமுறை கொடுத்தால் போதும். ஆட்டோமேஷன் மெனுவிலிருந்து ஓட்டினால் துண்டுக்கு ஒரு வரி தானாக உருவாகும். அவற்றின் எஃபெக்ட் கட்டத்தில் ‘எஃப்எக்ஸ்’ (fx) என்று இருக்கும். அந்த வரிகளில் கை வைக்காதீர்கள். ஒருநாள் மாலை முழுக்க அவற்றைத் திருத்தினேன். மறுபடி டெம்ப்ளேட்டை ஓட்டியதும் அத்தனையும் போய்விட்டது.

வைவாவில் நிறம் நிரம்புவது எப்படி என்றுதான் கேட்டார்கள். எழுத்தின் தோற்றத்தை அமைக்கும் ஸ்டைலில் இரண்டாம் நிறம் பாடுவதற்கு முன், முதல் நிறம் பாடிய பின். பெயரைப் பார்த்தால் நேர்மாறாகத் தோன்றும். கே டேக்குக்குப் பதில் கேஎஃப் டேக் போட்டால் அந்த மாற்றம் இடமிருந்து வலமாக ஊர்ந்து வரும்.

தேர்வறைக் கணினியில் என் எழுத்துரு இல்லை. எழுத்துக்கான இடங்கள் என் எழுத்துருவின் அகலத்தை வைத்துக் கணக்கிடப்பட்டவை. வேறு எழுத்துரு வந்ததும் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்றன. நல்லவேளை, முந்தின இரவே எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ மென்பொருளில் வரிகளை வீடியோவிலேயே பதித்து ஒரு பிரதி பென்டிரைவில் வைத்திருந்தேன். அதைப் போட்டுக் காட்டினேன்.