அட்வான்ஸ் காசும் இணக்கசபையும்

வெள்ளவத்தையில் இருந்த அனெக்ஸைக் காலி செய்துவிட்டு நானும் அம்மாவும் கொட்டாஞ்சேனைக்கு வந்தபோது, பழைய வீட்டுக்காரர் எங்களுக்குத் திருப்பித் தரவேண்டிய அட்வான்ஸ் 3 இலட்சம் ரூபாய். முன்பள்ளியில் படிப்பிக்கிற எனக்கு அது சின்னக் காசு இல்லை, அம்மாவின் சீட்டுக்காசும் அதற்குள் இருந்தது. அடுத்த மாதம் தருகிறேன் என்றார். அப்புறம் போன் எடுப்பதையே விட்டுவிட்டார். இதே மாதிரி மாட்டிக்கொண்டு நிற்கிறவர்களுக்கு உதவுமே என்று நடந்ததை எழுதுகிறேன்.

முதலில் போனது பொலிஸ். முறைப்பாட்டை எழுதியவர் மரியாதையானவர்தான், கதிரை போட்டார், பொறுமையாகக் கேட்டார். ஆனால் நான் சொன்னதைச் சிங்களத்தில் எழுதி, கீழே கையெழுத்து வைக்கச் சொன்னார். எனக்குச் சிங்களம் பேச வரும், வாசிக்க வராது. கொழும்பிலேயே பிறந்து வளர்ந்த எத்தனையோ தமிழருக்கு இதுதான் நிலைமை. வாசித்துக் காட்டுங்கள் என்று கேட்டேன். வாசித்தார். ஒரு மாதம் முன்கூட்டியே அறிவித்துவிட்டுத்தான் வீட்டை விட்டோம் என்பது அதில் இல்லவே இல்லை. என் பக்க நியாயமே அந்த ஒரு வரியில்தான் இருந்தது! அதைச் சேர்த்தபின்தான் கையெழுத்து வைத்தேன். சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள இடத்திலும் பொதுமகன் ஒருவர் அரச அலுவலரோடு தமிழில் அலுவல் பார்க்கலாம் என்று அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை சொல்கிறது. நிலையத்தில் தமிழ் தெரிந்தவர் அன்றைக்கு லீவு. உரிமையும் அவரோடு சேர்ந்து லீவு.

இது சிவில் பிரச்சினை, இணக்கசபைக்கு, அதாவது இரண்டு தரப்பையும் பேசவைத்துச் சமாதானம் பார்க்கிற மத்தியஸ்த சபைக்குப் போங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். தட்டிக்கழிக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அதுதான் சரியான வழி. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்க மத்தியஸ்த சபைகள் சட்டப்படி, குறிப்பிட்ட தொகைக்கு உட்பட்ட காசுப் பிணக்கை நேரே நீதிமன்றத்துக்குக் கொண்டுபோக முடியாது. முதலில் சபைக்குப் போகவேண்டும். அங்கே இணக்கம் வராவிட்டால் அவர்கள் தரும் இணக்கமின்மைச் சான்றிதழோடுதான் வழக்குப் போடலாம்.

சபை கூடியது ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில், வார இறுதியில். சின்னப் பிள்ளைகளின் வாங்குகள், சுவரில் வாய்ப்பாடு, கரும்பலகையில் யாரோ அழிக்க மறந்த கணக்கு. மத்தியஸ்தர்கள் தொண்டர்கள். பெயர்ப் பட்டியலிலிருந்து இரண்டு தரப்பும் ஆளுக்கொருவரைத் தெரிவு செய்யலாம், அந்த இருவரும் சேர்ந்து தலைவரைத் தெரிவு செய்வார்கள். பட்டியலில் தமிழ்ப் பெயர் தேடினேன். ஒரேயொரு பெயர், ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர். அவர் அன்று வந்திருந்தது என் அதிர்ஷ்டம். நீதி கேட்டுப் போன இடத்தில் அதிர்ஷ்டத்தை நம்பவேண்டி இருந்ததுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

வீட்டுக்காரர் சட்டத்தரணியான மருமகனைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். இங்கே சட்டத்தரணிகள் யாருக்காகவும் தோன்ற முடியாது என்று சொல்லி, தலைவர் அவரை வெளியே இருக்கச் சொன்னார். அந்த நிமிடம் எனக்கு வந்த தைரியம் கொஞ்சநஞ்சம் இல்லை.

"மகள், காசு குடுத்ததுக்கு ரிசீட் இருக்கா?" என்று அதிபர் கேட்டார்.

வாடகை ஒப்பந்தத்தின் பின்பக்கத்தில் வீட்டுக்காரர் தன் கையாலேயே தொகையும் திகதியும் எழுதிக் கையெழுத்து வைத்திருந்தார். எடுத்துக் கொடுத்தேன். மூவரும் மாறிமாறிப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு வீட்டுக்காரர் காசு வாங்கியதை மறுக்கவில்லை, பேச்சைச் சுவருக்குத் திருப்பினார். பெயின்ட் போய்விட்டது, குளியலறை டைல்ஸ் உடைந்துவிட்டது, அதனால் பாதிதான் தருவாராம். வெளிக்கிட்ட அன்று தம்பி போனில் எடுத்த படங்களைக் காட்டினேன். டைல்ஸ் முழுசாக இருந்தது. சமையலறைச் சுவரில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்ததும் உண்மைதான், அதை நான் மறைக்கவில்லை. பெயின்ட் செலவுக்கு 30 ஆயிரத்தைக் கழித்துக்கொள்ளலாம் என்று சபை ஒரு வழி சொன்னது. எனக்குச் சம்மதம். அவர் பாதிதான் தருவேன் என்பதிலேயே நின்றார். இரண்டாம் தவணைக்கும் அதே கதை. சான்றிதழைத் தந்துவிட்டார்கள்.

இணக்கம் வராவிட்டாலும் அந்த அமர்வுகளை வீண் என்று நான் சொல்லமாட்டேன். என் கதையை முதலிலிருந்து கடைசிவரை ஒருவர் என் மொழியில் கேட்டது அங்கேதான்.

அடுத்தது கொழும்பு நீதிமன்றங்கள் இருக்கிற புதுக்கடை. போட்டோக் கொப்பிக் கடைகளையும் கறுப்புக் கோட்டுகளையும் தாண்டி, சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போனேன். 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் வந்த அமைப்பு அது. வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசமாகச் சட்டத்தரணி தருவார்கள். சம்பளச் சீட்டையும் கிராம உத்தியோகத்தரின் கடிதத்தையும் கொண்டுபோனால் வேலை சுலபம்.

எனக்குக் கிடைத்த சட்டத்தரணி இளம் பெண், தமிழ் நன்றாகப் பேசினார். வழக்குப் போட்டால் மொழிதெரியாமல் நிற்கவேண்டி வருமோ என்று கேட்டேன். அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரைப்படி, நீதிமன்றத்தில் பேசப்படும் மொழி தெரியாதவருக்கு அரச செலவில் உரைபெயர்ப்புத் தரவேண்டும் என்றார். "உரிமை இருக்கு அக்கா, உரைபெயர்ப்பாளர்தான் எல்லா நாளும் இருக்கமாட்டார், அதுக்கும் தவணை போடுவாங்க" என்று சிரித்தார்.

நீதித்துறைச் சீர்திருத்தம் என்றால் புதுக் கட்டடம், கணினி என்றுதான் மேடையில் பேசுகிறார்கள். அதுவும் வேண்டும்தான். ஆனால் சாதாரண சனம் முதலில் போய் நிற்பது பொலிஸ் மேசையிலும் இணக்கசபை வாங்கிலும்தான். கொழும்பு மாதிரி ஊரில் அந்த இரண்டு இடத்திலும் எந்த நாளும் தமிழ் எழுதத் தெரிந்த ஒருவர் இருந்தாலே பாதிப் பிழை ஆரம்பத்திலேயே நிற்கும்.

வழக்குக்கு முன் பதிவுத் தபாலில் ஒரு கோரிக்கைக் கடிதம் போனது. மருமகன் வாசித்துப் பார்த்து என்ன சொன்னாரோ, வீட்டுக்காரரே போன் எடுத்தார். காசு மூன்று பகுதியாக வங்கிக்கு வந்தது. மொத்தம் 2 இலட்சத்து 60 ஆயிரம். சபை சொன்ன கணக்குப்படி இன்னும் 10 ஆயிரம் வரவேண்டும். அதையும் கேட்கலாம் என்றார் சட்டத்தரணி. அந்தப் 10 ஆயிரத்துக்காகத் தவணை தவணையாகப் புதுக்கடைக்கு ஏறி இறங்க என்னிடம் லீவு இல்லை. ஃபைலை மூடச் சொல்லிவிட்டேன்.