எக்ஸ்பைரி ரிட்டர்ன் நாட்குறிப்பு

ஜூலை 7, 2025, திங்கள்

முதலாளி சேட் இன்று என்னைக் கூப்பிட்டுக் கேட்டது ஒரே கேள்வி: "இந்த எக்ஸ்பைரி மாலெல்லாம் எங்கேயிருந்து வருது?" மும்பை சயானில் இருக்கும் எங்கள் கோடவுனின் பின்சுவர் முழுக்க அந்த அட்டைப்பெட்டிகள்தான்.

நாங்கள் மருந்து ஸ்டாக்கிஸ்ட். கம்பெனியிடம் வாங்கி மெடிக்கல் கடைகளுக்குக் கொடுக்கிறோம். விற்காமல் தேதி முடிந்ததைக் கடைக்காரர் திருப்பி அனுப்புவார். நாங்கள் அவருக்குக் கிரெடிட் நோட் (அந்தத் தொகையை அவர் கணக்கில் வரவு வைக்கும் சீட்டு) போட்டுவிட்டுக் கம்பெனியிடம் க்ளெய்ம் கேட்போம். கம்பெனி ஒத்துக்கொள்ளாததெல்லாம் எங்கள் தலையில்.

சேட்டின் கேள்விக்குப் பதில் கம்ப்யூட்டரில் இல்லாமல் இல்லை. தாராவி, கோலிவாடா, செம்பூர், குர்லா என்று ஏரியாவுக்கு ஒரு சேல்ஸ்மேன் மாதாமாதம் எக்செல் ஃபைல் அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஒருவர் முதல் வரிசையிலேயே தலைப்புப் போடுவார். இன்னொருவர் மேலே பிள்ளையார் சுழி, ஏரியா பெயர், தன் செல் நம்பர் எல்லாம் போட்டுவிட்டுப் பிறகுதான் விஷயத்துக்கு வருவார். செம்பூர்க்காரர் மாதங்களைப் பக்கவாட்டில் அடுக்குகிறார். பார்க்க அழகாக இருக்கும், கூட்ட முடியாது. எல்லாம் சேர்த்து இரண்டு வருஷத்து ஃபைல்கள்.

நான் பில்லிங் பார்ப்பவள். எக்செல் என்றால் எனக்குக் கூட்டல், வடிகட்டல், ஒரு பட்டியலில் உள்ள பெயரை இன்னொன்றில் தேடி எடுக்கும் வீ-லுக்கப் கொஞ்சம். "மேடம், ஆப் தேக் லோ", நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள், என்று முடித்துவிட்டார் சேட். சரி, பார்ப்போம்.

ஜூலை 9, புதன்

பேட்ச் நம்பரிலேயே, அதாவது ஒரே தடவையில் தயாரான மருந்துக்கெல்லாம் கம்பெனி போடும் எண்ணிலேயே, நின்றுவிட்டேன்.

ஒரு மாத்திரை அட்டையில் அச்சடித்திருப்பது 3ஈ12. ஃபைலில் இருப்பதோ 3.00ஈ+12. நடுவில் ஆங்கில ஈ எழுத்து வந்தால், அதற்குப் பின்னால் அத்தனை பூஜ்யம் போடச் சொல்கிறோம் என்று எக்செல் எடுத்துக்கொள்கிறது. ஆக எங்கள் ரிட்டர்ன் ஃபைலில் ஒரு பேட்ச் நம்பர் மூன்று லட்சம் கோடி. 0045 என்ற பேட்ச் வெறும் 45 ஆகிவிட்டது. மார் என்று தொடங்கிய ஒன்று மார்ச் மாதத் தேதியாகி உட்கார்ந்திருக்கிறது.

இது பார்வைக்கு மட்டும் மாறியது என்றால் பரவாயில்லை. உள்ளேயும் மாறிவிடுகிறது. 3ஈ12 என்று அடித்தாலும் 30ஈ11 என்று அடித்தாலும் சேமிக்கப்படுவது ஒரே எண். அப்புறம் எந்த ஃபார்முலா வந்தாலும் பழையதை மீட்க முடியாது. அட்டையை எடுத்துப் பார்த்தால்தான் உண்டு. பேட்ச் தப்பானால் க்ளெய்ம் போய்விடும் என்பது எங்கள் கவலை. ஒரு பேட்சில் கோளாறு என்று கம்பெனி திரும்ப அழைக்கும் நாளில் அது எந்தெந்தக் கடைக்குப் போனது என்று சொல்ல முடியாமல் போவது அதைவிடப் பெரிய கவலை.

நாங்கள் மட்டும் இல்லை போலிருக்கிறது. மனித மரபணுக்களுக்குப் பெயர் வைக்கும் குழு 2020-இல் சில பெயர்களையே மாற்றியிருக்கிறது. மார்ச்1, செப்ட்1 என்றிருந்த மரபணுப் பெயர்களை எக்செல் தேதியாக்கிக்கொண்டே இருந்ததால் அவை மார்ச்எஃப்1, செப்டின்1 ஆகிவிட்டன. விஞ்ஞானிகளே விட்டுக்கொடுத்த இடம்.

இனி வரும் ஃபைல்களுக்கு வழி சுலபம்: அடிப்பதற்கு முன்பே அந்த நெடுவரிசை முழுவதையும் டெக்ஸ்ட் என்று மாற்றி வைத்துவிட வேண்டும். மைக்ரோசாஃப்ட் 365-இல் 2023 முதல் இந்தத் தானியங்கி மாற்றங்களை அணைத்துவைக்கவும் வசதி உண்டு. எங்கள் ஆபீஸில் 365 இருப்பது அக்கவுண்ட்ஸ் மெஷினில் மட்டும். வெற்று ஃபைல் ஒன்றை டெக்ஸ்ட் கட்டங்களோடு தயார் செய்து எல்லா சேல்ஸ்மேனுக்கும் அனுப்பினேன். குர்லாக்காரர் கட்டைவிரல் காட்டினார். பயன்படுத்துவாரா என்பது வேறு விஷயம்.

ஜூலை 14, திங்கள்

வீ-லுக்கப் பாதிக் கடைகளைக் காணோம் என்றது. கண்ணுக்கு இரண்டு பக்கமும் ஒரே பெயர். கம்பெனி போர்ட்டலிலிருந்து காப்பி செய்த பெயர்களின் வாலில் ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்டு வருகிறது. அது சாதாரண இடைவெளியும் இல்லை, 160-ஆம் எண் எழுத்து. வலைப்பக்கங்களில் சொற்கள் பிரியாமல் இருக்கப் போடுவது. வேண்டாத இடைவெளிகளை நீக்கும் ட்ரிம் ஃபங்ஷன் அதைத் தொடாது. சப்ஸ்டிட்யூட் வைத்து சார்(160)-ஐ வெறுமையாக மாற்றினால் போகிறது. காலையிலிருந்து மதியம் வரை இதற்கே.

ஜூலை 16, புதன்

எக்ஸ்பைரி தேதி. அட்டையில் மாதமும் வருடமும்தான் இருக்கும்: 07/25. சட்டப்படி அந்த மருந்து ஜூலை கடைசி நாள் வரை செல்லும். எக்செலுக்கோ தேதி என்றால் நாள் வேண்டும், தானாக 1-ஆம் தேதியைப் போட்டுக்கொள்கிறது. உள்ளே அது 45839 என்ற எண்; 1900 ஜனவரி 1-ஐ ஒன்று என்று வைத்து எண்ணிக்கொண்டு வருவது. இதனால் ஜூலை முழுவதும் விற்கக்கூடிய மருந்து, எங்கள் ஃபைல்படி ஜூலை 2-ஆம் தேதியே செத்துவிடுகிறது. ஈ-ஓ-மன்த் ஃபங்ஷன் போட்டு மாதக் கடைசிக்குத் தள்ளினேன். எக்ஸ்பைரிக்குப் பிறகு வந்ததாகத் தெரிந்த சில வரிசைகள், எக்ஸ்பைரிக்கு முன்பே வந்தவையாக இடம் மாறின.

ஜூலை 22, செவ்வாய்

அக்கவுண்ட்ஸில் புதிதாகச் சேர்ந்த மராட்டிப் பெண் சாப்பாட்டு நேரத்தில் அவள் மெஷினில் பவர் க்வெரியைக் காட்டினாள். எக்செல் 2016-இலிருந்தே உள்ளே இருக்கிறதாம், டேட்டா மெனுவில். அங்கே தினமும் போய்வருகிறேன், அந்தப் பட்டனைத் தொட்டதே இல்லை.

முதலில் பிடித்துப்போனது, அது மூல ஃபைலைத் தொடுவதில்லை என்பது. ஃபோல்டரைக் காட்டினால் உள்ளே இருக்கும் எல்லா ஃபைலையும் ஒன்றன்கீழ் ஒன்றாகச் சேர்க்கிறது. மேல் வரிசைகளை நீக்கு, தலைப்பாக்கு, இடைவெளி அகற்று என்று நாம் செய்யும் ஒவ்வொன்றும் வலப்பக்கம் ஒரு படியாக எழுதப்பட்டுவிடுகிறது. அடுத்த மாதம் புதிய ஃபைலை ஃபோல்டரில் போட்டு ரெஃப்ரெஷ் அழுத்தினால் அத்தனை படியையும் தானே ஏறி இறங்குகிறது. இதுவரை இந்த ஆபீஸில் ஒரு ஃபைலை யார் எப்படித் திருத்தினார்கள் என்று கேட்டால் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வோம்.

செம்பூர்க்காரரின் பக்கவாட்டு மாதங்களை அன்பிவட் ஒரே கிளிக்கில் கீழ்நோக்கிக் கொண்டுவந்துவிட்டது. பத்து வாங்கினால் ஒன்று இலவசம் என்பதை "10+1" என்று எழுதியிருக்கும் ஸ்கீம் கட்டத்தைக் கூட்டல் குறியில் வெட்டி, விலைக்குக் கொடுத்தது, இலவசமாகக் கொடுத்தது என்று இரண்டாக்கினேன்.

ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். ஃபைலை உள்ளே எடுத்ததும் அது தானாக ஒரு படி சேர்க்கும்: முதல் 200 வரிசைகளைப் பார்த்து, இது எண், இது தேதி என்று முடிவு கட்டும் படி. பேட்ச் நம்பர் கதை மறுபடியும் அங்கேதான் தொடங்கும். அந்தப் படியை அழித்துவிட்டு நாமே வகை சொல்ல வேண்டும். இன்னொன்று, வீ-லுக்கப் பெரிய எழுத்து சின்ன எழுத்து பார்க்காது, இது பார்க்கும். அதனால் எல்லாக் கடைப் பெயரையும் பெரிய எழுத்துக்கு மாற்றிவிட்டுத்தான் சேர்க்கிறேன்.

ஆகஸ்ட் 6, புதன்

கடைப் பெயர்கள். இந்த வேலையின் நிஜமான கஷ்டம் இதுதான் என்று இப்போது சொல்லலாம்.

முருகன் பெயர் வைத்த கடைகள் மட்டுமே ஒரு பக்கம் வருகின்றன. மெடிக்கல், மெடிக்கல்ஸ், மெடி., மெடிகல் ஸ்டோர், முன்னால் ஸ்ரீ போட்டது, போடாதது. பதிவு செய்த கடை என்றால் பதினைந்து எழுத்து ஜிஎஸ்டி எண்ணை வைத்துப் பிடித்துவிடலாம். சின்னக் கடை பலவற்றுக்கு அது கிடையாது.

365-இல் ஃபஸ்ஸி மெர்ஜ் என்று ஒன்று இருக்கிறது; கிட்டத்தட்ட ஒத்த பெயர்களைச் சேர்த்துவைக்கும். எவ்வளவு ஒத்திருக்க வேண்டும் என்று ஓர் எண் கேட்கும், நாம் சொல்லாவிட்டால் 0.80. அப்படியே விட்டுப் பார்த்தேன், பட்டியல் பாதியாகச் சுருங்கியது. சந்தோஷமாக அச்செடுத்து டெலிவரி பார்க்கும் அண்ணாச்சியிடம் காட்டினேன். திருநெல்வேலிக்காரர், தாராவியிலும் கோலிவாடாவிலும் அவர் கால் படாத மெடிக்கல் கடை இல்லை.

பட்டியலில் விரலை வைத்தார். "எம்மா, இது ரெண்டும் ஒண்ணுன்னு யாரு சொன்னா? இவன் நைன்ட்டி ஃபீட் ரோட்டுல இருக்கான். அவன் கோலிவாடாக்காரன். பங்காளிக, பேச்சுவார்த்தையே கெடையாது."

"பேரு ஒரே மாதிரி இருக்கே அண்ணாச்சி?"

"தாத்தா பேருல்லா, ரெண்டு பேரும் வச்சிருக்கான்."

இன்னும் கீழே வந்து, எழுத்தில் எந்த ஒற்றுமையும் இல்லாத இரண்டு பெயரைக் காட்டி, "இதுதான் ஒரே கடை. மச்சினன் பேருக்கு மாத்திட்டான், போர்டும் மாத்திட்டான்" என்றார். 0.80 என்ன, 0.10 வைத்தாலும் எந்த மெர்ஜும் இதைக் கண்டுபிடிக்காது. எண்ணை ஏற்றினால் ஒரே கடை இரண்டாகிறது, இறக்கினால் பங்காளிகள் சேர்ந்துவிடுகிறார்கள்.

வழியும் அவர்தான் சொன்னார். "லைசென்ஸ கண்ணாடி போட்டு மாட்டியிருப்பான்லா, அத எழுதிட்டு வாரேன்." உண்மைதான், மருந்து லைசென்ஸை எல்லாரும் பார்க்கும்படி மாட்டியே ஆக வேண்டும். சில்லறைக் கடைக்குப் பொதுவாக இரண்டு எண்: ஃபாரம் 20-க்கு ஒன்று, 21-க்கு ஒன்று. எங்கள் ஃபைல்களில் ஆளுக்கு ஒன்றை எழுதியிருக்கிறார்கள். ஆக ஒரு கடைக்கு இரண்டு எண்ணும், அது எந்தத் தேதியிலிருந்து என்பதும் சேர்த்துத் தனிப் பட்டியல் போட வேண்டும். கை மாறினால் புது லைசென்ஸ், புது வரிசை.

சேட்டுக்கு வெளியிலிருந்து யாரோ, மொத்த டேட்டாவையும் தாங்களே சுத்தம் செய்து தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். காற்புள்ளியையும் இடைவெளியையும் அவர்கள் என்னைவிட வேகமாக எடுப்பார்கள், அதில் சந்தேகம் இல்லை. பங்காளிச் சண்டையை அவர்களுக்கு யார் சொல்வது? அண்ணாச்சிக்கு எக்செல் தெரியாது, எனக்குக் கடைகள் தெரியாது. இருவரும் ஒரே மேஜையில் உட்கார்ந்தால்தான் இந்தப் பட்டியல் வரும் என்று சேட்டிடம் சொன்னேன். மதியம் மூன்று முதல் ஐந்து வரை அண்ணாச்சியை எனக்கு விட்டிருக்கிறார்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

நேற்றிலிருந்தே பேய் மழை. குர்லா பக்கம் தண்டவாளத்தில் தண்ணீர், ரயில் இல்லை, ஆபீஸ் இல்லை.

வீட்டில் படித்தது: 2020 செப்டம்பர் கடைசியிலும் அக்டோபர் தொடக்கத்திலும் இங்கிலாந்தில் 15,841 கொரோனா கேஸ்கள் கணக்கில் வராமல் போயின. பழைய எக்ஸ்எல்எஸ் வகை ஃபைல் 65,536 வரிசைக்கு மேல் பிடிக்காது. மீதி சத்தமில்லாமல் விடுபட்டுவிட்டது. புதிய வகை 10,48,576 வரை தாங்கும். எங்கள் பில்லிங் மென்பொருளும் பழைய வகையில்தான் ஃபைல் கொடுக்கிறது. எங்கள் ரிட்டர்ன் அத்தனை வராது, விற்பனை வரும். நாளை போனதும் வருஷ விற்பனையைக் காலாண்டாகப் பிரித்து எடுக்க வேண்டும்.

ஆகஸ்ட் 25, திங்கள்

இன்று பிவட் டேபிள், வகைவாரியாகக் கூட்டிக் காட்டும் அட்டவணை. இத்தனை நாள் துடைத்ததெல்லாம் இதற்குத்தான். போட ஐந்து நிமிஷம் ஆகவில்லை. கடையை வரிசையாக, விற்ற மாதத்தைக் குறுக்காக வைத்தேன். எந்தக் கடையும் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கவில்லை. நிற்பது மாதம். மார்ச்சில் விற்ற மால்தான் திரும்பி வருகிறது, எல்லா ஏரியாவிலும்.

மார்ச்சில் என்ன நடக்கிறது என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. வருஷக் கடைசி டார்கெட். கம்பெனி ஆள் வந்து நிற்பார், 10+1 ஸ்கீம் அறிவிப்பார், நாங்கள் கடையில் திணிப்போம். அதில் எக்ஸ்பைரி கிட்டத்தில் இருப்பதும் கலந்து போகும்.

ஸ்கீமை இரண்டாக வெட்டி வைத்தது இங்கே கைகொடுத்தது. பெட்டி 110 ரூபாய், பத்து வாங்கினால் ஒன்று இலவசம் என்றால் கடைக்காரர் 1,100 ரூபாய்க்குப் பதினொரு பெட்டி வாங்குகிறார். ஒரு பெட்டி 100 ரூபாய். திருப்பி அனுப்பும்போது கிரெடிட் நோட்டில் ஒவ்வொன்றுக்கும் 110 போட்டிருக்கிறோம். கம்பெனி எங்களுக்குக் கொடுப்பது 100. பெட்டிக்குப் பத்து ரூபாய், இரண்டு வருஷமாக.

சேட் தாளை வாங்கி இரண்டு முறை பார்த்தார். தொகையை இங்கே எழுதப்போவதில்லை.

ஆகஸ்ட் 27, புதன்

விநாயக சதுர்த்தி. விடுமுறை.

செப்டம்பர் 4, வியாழன்

நேற்று இரவு ஜிஎஸ்டி கவுன்சில் அறிவிப்பு. 22-ஆம் தேதி முதல் பெரும்பாலான மருந்துகளுக்கு வரி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகிறது. உயிர்காக்கும் மருந்துகள் 33-க்கு வரியே இல்லை. பில்லிங் பக்கம் எல்லாரும் தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்கிறார்கள்.

ரிட்டர்ன் ஃபைலில் வரி விகிதத்தை ஃபார்முலாவுக்குள்ளேயே 12 என்று எழுதியிருந்தால் எனக்கும் அதே கதிதான். மராட்டிப் பெண் முதலிலேயே தடுத்துவிட்டாள்: எண்ணைத் தனி டேபிளில் வை, எந்தத் தேதி முதல் என்பதோடு வை என்று. இப்போது அந்த டேபிளில் மருந்துக்கு ஒரு வரிசை கூடுகிறது, அவ்வளவே. வீ-லுக்கப்பின் புதிய வடிவமான எக்ஸ்-லுக்கப்பில், சரியான தேதி இல்லையென்றால் அதற்கு முந்தையதை எடு என்று சொல்ல ஒரு இடம் இருக்கிறது. பில் தேதியைக் கொடுத்தால் அன்று அமலில் இருந்த விகிதம் வரும். ஆகஸ்ட்டில் விற்றது நவம்பரில் திரும்பி வந்தாலும் எங்கள் கிரெடிட் நோட்டில் பழைய பில்லின் வரிதானே போக வேண்டும்.

செப்டம்பர் 24, புதன்

புது விகிதத்தில் முதல் ரிட்டர்ன்கள் வந்தன. பழைய பில்லுக்கு 12, புதியதற்கு 5, சரியாகப் பிரிந்தது. குர்லாக்காரர் நான் ஜூலையில் அனுப்பிய வெற்று ஃபைலில்தான் அனுப்பியிருக்கிறார். மேலே மட்டும் பிள்ளையார் சுழி. இருக்கட்டும், அந்த வரிசையை நீக்க ஒரு படி போட்டாயிற்று.

இனி ஸ்கீம் மால் திரும்பினால் நிகர விலைக்குத்தான் கிரெடிட் என்று சேட் முடிவு செய்துவிட்டார். கடைகளில் போய் இதைச் சொல்லப்போவது அண்ணாச்சி. திட்டு வாங்கப்போவதும் அவர்தான். கடைவாரியாகப் பட்டியல் கேட்டார், எழுத்தைப் பெரிதாகப் போட்டு, நைன்ட்டி ஃபீட் ரோட்டுப் பங்காளியையும் கோலிவாடாப் பங்காளியையும் ஒரே தாளில் போடாமல்.