பட்டை விழாத ஜெல்

தேடும் டிஎன்ஏ இருந்தால் ஜெல்லில் ஒரு பட்டை தெரியும். ஜெல்லைப் புற ஊதா வெளிச்சத்தில் வைக்கும்போது அந்தப் பட்டை விழாதா என்று ஏங்குவதுதான் ஆய்வுக்கூட வழக்கம். எங்கள் ஊர் மணல் ஈக்களைப் பொறுத்தவரை அது விழவே கூடாது என்பது என் ஆசை. ஆனால் விழாத பட்டையை நம்புவதற்குத்தான் வேலை அதிகம்.

மணல் ஈ கடத்தும் ஒட்டுண்ணியால் வரும் காலா அசார் என்றால் பீகார், ஜார்கண்ட் பக்கத்து நோய் என்றுதான் நமக்குத் தோன்றும். ஆனால் 1903-இல் டோனவன் என்ற மருத்துவர் அந்த ஒட்டுண்ணியைக் கண்டது நம் சென்னையில்தான். அந்த ஒட்டுண்ணியின் லீஷ்மேனியா டோனவனி என்ற பெயரில் 'டோனவனி' அவர்தான். இந்தியாவில் அதைக் கடத்தும் பிளபோடோமஸ் அர்ஜெண்டிபஸ் என்ற மணல் ஈ தமிழ்நாட்டிலும் தாராளமாக உண்டு. ஈ இருக்கிறது, நோய் இல்லை. அப்படியானால் அவ்வப்போது பார்த்துக்கொள்வதுதானே நல்லது?

செட்டிநாட்டுக் கானாடுகாத்தான் பக்கம் ஈ பிடிக்கப் போனால் பெரிய வீட்டு முகப்பில் நின்று பயனில்லை. முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுவரில் ஈ ஒதுங்க ஒரு விரிசல் கிடையாது. பின்கட்டைத் தாண்டி மாட்டுத் தொழுவத்துக்குப் போக வேண்டும். விடியுமுன் டார்ச் அடித்தால் மண்சுவரில் தெரியும்: கொசுவைவிடச் சின்னது, மூன்று மில்லிமீட்டர்கூட இருக்காது, உடம்பெல்லாம் ரோமம், இறக்கையை மேலே தூக்கி V மாதிரி விரித்தபடி உட்கார்ந்திருக்கும். கிட்டப் போனால் பறக்காது, தத்தும். குழலை வாயில் வைத்து உறிஞ்சிப் பிடிக்க வேண்டும். (குழலுக்குள் வலைத்துணி இருக்கிறது, பயப்பட வேண்டாம்.)

"ஏன் ஆத்தா, கொசுவைப் பிடிச்சு என்ன செய்யப் போறே?" என்றார் அந்த வீட்டு ஆச்சி.

"கொசு இல்லை ஆச்சி, மணல் ஈ."

"எதுவா இருந்தா என்ன, பூராத்தையும் பிடிச்சுக்கிட்டுப் போ. மாடு நிம்மதியாப் படுக்கும்."

ஆய்வுக்கூடத்தில் ஒவ்வொரு பெண் ஈயையும் ஊசி முனையால் மூன்றாகப் பிரிப்பேன். தலையும் வால்நுனியும் கண்ணாடித் தகட்டுக்கு. தொண்டை அமைப்பையும் விந்துப்பையையும் நுண்ணோக்கியில் பார்த்தால்தான் எந்த இனம் என்று சொல்ல முடியும். நடு உடல் டிஎன்ஏ எடுக்கும் குழாய்க்கு. ஒட்டுண்ணி இருந்தால் அங்கே குடலில்தான் இருக்கும். ஒரு ஈயைப் பிரித்த ஊசியைத் துடைக்காமல் அடுத்த ஈயைத் தொடுவதில்லை.

பிசிஆர் என்பது டிஎன்ஏ துணுக்கைப் பல மடங்கு பெருக்கிக் காட்டும் முறை. அதில் நான் தேடுவது ஒட்டுண்ணியின் கைனெட்டோபிளாஸ்ட் என்ற டிஎன்ஏ தொகுதியில் உள்ள சிறு டிஎன்ஏ வளையங்களை. ஒரே ஒட்டுண்ணியில் ஏறக்குறைய 10,000 வளையங்கள் இருப்பதால் துளி இருந்தாலும் மாட்டிக்கொள்ளும். அதே காரணத்தால் மேசையில் எங்கோ சிந்திய துளியும் மாட்டிக்கொள்ளும். அதனால் கலவை தயாரிக்க ஓர் அறை, டிஎன்ஏ சேர்க்க வேறு அறை. ஆண் ஈக்களையும் கூடவே ஓட்டுவேன். அவை ரத்தமே குடிக்காது. அவற்றில் பட்டை விழுந்தால் குற்றம் ஈயிடம் இல்லை, எங்களிடம்.

இதற்கு நேர்மாறான தொல்லையும் உண்டு. மாட்டு ரத்தம் குடித்து வயிறு புடைத்த ஈயில், ரத்தத்திலுள்ள ஹீம் என்ற பொருள் பிசிஆர் நொதியையே முடக்கிவிடும். ஒட்டுண்ணி இருந்தும் ஜெல் சுத்தமாகத் தெரியும். ஆகவே ஒவ்வொரு குழாயிலும் ஈயின் சொந்த மரபணு ஒன்றையும் பெருக்கிப் பார்க்கிறேன். அது விழாத குழாயில் "ஒட்டுண்ணி இல்லை" என்று எழுதும் உரிமை எனக்குக் கிடையாது. டிஎன்ஏவை நீர்க்கச் செய்து மறுபடி ஓட்ட வேண்டும். என்னைக் கேட்டால், ஈயின் சொந்தப் பட்டையை ஜெல்லில் காட்டாத எந்த "இல்லை"யையும் நம்பக் கூடாது. இதுவரை எங்கள் குழாய்களில் ஈயின் பட்டை இருக்கிறது, ஒட்டுண்ணியின் பட்டை இல்லை.

ஒருநாள் விழுந்தால்? உடனே ஊரைக் கலவரப்படுத்த மாட்டேன். முதலில் ஒட்டுண்ணி டிஎன்ஏவில் இனத்துக்கு இனம் மாறும் ஐடிஎஸ்-1 என்ற பகுதியைப் பெருக்கி, அதன் எழுத்து வரிசையைப் படித்து, எந்த லீஷ்மேனியா என்று பார்க்க வேண்டும். அதுவும் போதாது. குடித்த ரத்தத்தோடு வந்த டிஎன்ஏவா, ஈயின் குடலில் உயிரோடு பெருகும் ஒட்டுண்ணியா என்று பிசிஆர் பிரித்துச் சொல்லாது. இந்த ஈ கடித்தால் மனிதருக்கு நோய் வரும் என்பதைச் சுவாமிநாத், ஷார்ட், ஆண்டர்சன் மூவரும் 1942-இல் நிறுவியபோது பிசிஆர் ஏது? உயிருள்ள ஈக்களையும் தாமாக முன்வந்த மனிதர்களையும் வைத்துத்தான் செய்தார்கள். நான் மனிதர்களிடம் போக மாட்டேன். ஆனால் குழலைத் தூக்கிக்கொண்டு அதே தொழுவத்துக்குப் போய், ஈயை உயிரோடு கொண்டுவந்து, குடலைக் கீறி, சாட்டை போன்ற இழையை ஆட்டி நீந்தும் ஒட்டுண்ணி இருக்கிறதா என்று நுண்ணோக்கியில் பார்த்தே ஆக வேண்டும்.